முந்நூற்று எண்பத்தாறில் ஐந்து

எங்கள் பக்கத்தில் விசேஷ வீட்டுக்கு வருகிறவர்களை வாயால் ‘வாங்க’ என்று கேட்க வேண்டும். கும்பிட்டால் போதாது. சந்தனக் கிண்ணத்தை நீட்டினாலும் போதாது. வாயைத் திறந்து, உறவு சொல்லி, கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் வந்தவர் பந்தியில் உட்காராமல் திரும்பிவிடுவார். அப்படித் திரும்பிப் போன வண்டிகள் என் அறுபத்தொன்பது வயதுக்குள் ஏழு. ஏழாவது வண்டி ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்தது. அதில் இருந்தவர் என் நண்பனுடைய சம்பந்தி, அதாவது அவன் மருமகளின் அப்பா.

நண்பனுக்கு வாய் இருக்கிறது, குரல் இல்லை. தொண்டையில் புற்று வந்து, குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் தொலைபேசி லயன்மேனாக இருந்தவன். நான் அதே நிலையத்துக்குள் டெக்னீசியன். முப்பத்து நான்கு ஆண்டு அவன் வெளியே கம்பத்தில் நின்று கத்த, நான் உள்ளே உட்கார்ந்து பதில் சொன்னேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒன்பது நாள் கிடைத்தது. அந்த ஒன்பது நாளும் அவன் வீட்டு உள்ளறையில் ஃபேனை நிறுத்திவிட்டு அவன் குரலைப் பதிவு செய்தோம். ஒரு நீள நோட்டில் வரிசை எண் போட்டு, அவன் அன்றாடம் சொல்லுகிற வாக்கியங்களை எழுதினேன். முந்நூற்று எண்பத்தாறு. ‘தண்ணி குடு’ ஒன்றாம் எண். ‘வாங்க’ மட்டும் இருபத்து மூன்று விதம்: வாங்க மாமா, வாங்க மச்சான், வா ஆத்தா, வாங்க சம்பந்தி.

அவன் மனைவி கதவோரம் நின்றுகொண்டு, “அண்ணே, என்னையத் திட்டுறதையும் ஒரு நாலு போட்டு வச்சுக்கங்க. திட்டாத மனுசனோட எப்படிண்ணே குடும்பம் நடத்துறது?” என்றாள்.

அவள் கேட்டது நான்கு. அவன் யோசிக்காமல், மூச்சு வாங்காமல், பதினொன்று சொன்னான்.

முதலில் அவற்றை ஒரு சாதாரண போனில்தான் வைத்தேன். பொத்தானை அழுத்தினால் குரல் பேசும்படி ஒரு செயலி. இலவசம் என்று போட்டிருந்தார்கள். நான்காம் நாள் அவன் வாசலில் உட்கார்ந்து ‘தண்ணி குடு’வை அழுத்தியிருக்கிறான். யாரோ ஒரு பெண் துள்ளலான குரலில் ரம்மி விளையாட வரச் சொல்லியிருக்கிறாள். தண்ணீர் கேட்டவனுக்கு ரம்மி! அந்த விளம்பரம் முடிந்தபிறகுதான் அவன் குரல் வந்ததாம். பன்னிரண்டு வினாடி. அவன் குரலில் பேச அவன் வரிசையில் நிற்க வேண்டும். அன்று எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் இறங்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு நான் லினக்ஸ் கற்றுக்கொண்டேன், ஆறு ஆண்டாக. யாரும் காசில்லாமல் எடுத்து, திறந்து, மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருள் அது. பழைய போன் ஒன்றை வாங்கி, அதிலிருந்த கம்பெனிச் சரக்கையெல்லாம் துடைத்துவிட்டு லினக்ஸை ஏற்றினேன். குரல்களை அதில் போட்டு, பெரிய எழுத்தில் பொத்தான்கள் செய்துகொடுத்தேன். ரம்மி பேசிய போனை அதே கோபத்தில் சுத்தமாகத் துடைத்து விற்றுவிட்டேன். விளம்பரம் இல்லை. அழுத்தினால் பேசும். ஒன்றரை ஆண்டு அப்படியே பேசிற்று.

பிறகு அதை நானே கெடுத்தேன்.

அவன் மகன் குவைத்திலிருந்து முப்பது நாள் விடுப்பில் வந்திருந்தான். அந்த விடுப்புக்குள் பேத்திக்குக் காதுகுத்து. நாள் குறித்து, பத்திரிகை அடித்தாயிற்று. விழாவுக்கு முன் போன் ஒழுங்காக இருக்கட்டும் என்று அவன் வீட்டுக்குப் போய்ப் புது மென்பொருளை ஏற்ற ஆரம்பித்தேன். பேட்டரி பதினொரு சதவீதம். சார்ஜரைச் செருகிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். அன்று பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிமுதல் கரண்ட் இருக்காது என்று பேப்பரில் போட்டிருந்தது. அதை நான் காலையில் வாசித்தேன், வாசித்து ‘ஒன்பது முதல் ஐந்து, எட்டு மணி நேரம்’ என்று கூட்டிப் பார்த்தும் வைத்திருந்தேன். ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. ஒன்பது இருபதுக்கு, வேலை பாதியில் இருக்கும்போது, போன் அணைந்தது. மாலை கரண்ட் வந்தபின் போட்டால் சின்னம் வருகிறது, அப்படியே நிற்கிறது. காதுகுத்துக்குப் பதினேழு நாள்.

நகல் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. எங்கள் நிலையத்தில் எதையும் இரட்டையாக வைப்பது வழக்கம். அந்தப் புத்தியில் குரல்களையும் இரண்டு அடைவில், அதாவது இரண்டு ஃபோல்டரில், வைத்திருந்தேன். முந்நூற்று எண்பத்தாறு இருமுறை எழுநூற்று எழுபத்திரண்டு. மாதாமாதம் எண்ணிப் பார்த்து, எழுநூற்று எழுபத்திரண்டு சரி என்று நோட்டில் டிக் அடித்தேன். இரண்டு அடைவும் அதே போனுக்குள்ளேயே இருந்தன. ஒரே பீரோவுக்குள் இரண்டு சாவியையும் போட்டுப் பூட்டினவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? பதினெட்டு டிக். ஒவ்வொரு டிக்கும் இப்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

மறுநாள் அறந்தாங்கியில் நான்கு கடை ஏறினேன். நான்கு கடையிலும் ஒரே பதில். கடைசிக் கடைக்காரர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன சார் இது, கம்பெனி சாப்ட்வேரே இல்லையே?”

“லினக்ஸ்ங்க. உள்ளே உள்ளது மட்டும் எடுத்துக் குடுத்தாப் போதும்.”

“எடுக்கவெல்லாம் வராது சார். ரீசெட் அடிச்சுருவோம். பளிச்சுனு புதுசாட்டம் ஆயிரும்.”

“உள்ளே இருக்கிறது?”

“டேட்டா போயிரும். போனா என்ன சார், மறுபடி ஏத்திக்கங்க.”

டேட்டாவாம். ஒருவன் தன் பெண்டாட்டியை அதட்டிக் கூப்பிட்ட குரலுக்குப் பெயர் டேட்டா. மறுபடி ஏற்ற வேண்டுமாம். எங்கே போய் ஏற்றுவது? அந்தத் தொண்டையை வெட்டி எடுத்து ஒன்றரை ஆண்டு ஆகிறது.

கடைக்காரர்மேல் எனக்குக் கோபம் பாதிதான். மீதி, போனைச் செய்கிறவர்கள்மேல். வீட்டுச் சாவி தொலைந்தால் பூட்டை உடைக்கலாம், ஓட்டைப் பிரித்து இறங்கலாம். இவர்கள் செய்த வீட்டுக்கு ஒரே கதவு. அது இறுகிக்கொண்டால், வீட்டை இடித்துத் தருகிறோம், அதே இடத்தில் புதிதாகக் கட்டிக்கொள் என்கிறார்கள். இதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் ரெக்கவரி, மீட்பு. கம்பெனிப் போனில் அந்த ரெக்கவரித் திரையைத் திறந்து பார்த்திருக்கிறேன். அதில் இருந்த வரிகளில் பாதி அழிப்பதற்கு. எதை மீட்கிறார்கள்? போனை மீட்கிறார்கள். ஆளை அல்ல.

லினக்ஸ்காரர்கள் இணையத்தில் கூடும் இடத்திலும் கேட்டேன். திண்ணை என்று சொல்ல மாட்டேன், அது சந்தை. ஆறு பதில் வந்தது. மூன்று பேர் கையேட்டைப் படி என்றார்கள். இரண்டு பேர் முழுக்க அழித்து ஏற்று என்றார்கள். எந்த நாட்டுக்காரரோ ஒருவர் மட்டும் ஒரு வரி எழுதியிருந்தார்: சேமிப்பில் ஒன்றையும் எழுதாதே, முதலில் முழு நகல் எடு. ஆறில் ஒன்று. அந்த ஒன்று போதுமானதாக இருந்தது.

அதை வாசித்தபோது எங்கள் நிலையத்தின் சோதனை மேஜை ஞாபகம் வந்தது. அதற்குத் தனி பேட்டரி, தனி வயரிங். நிலையமே மூச்சை விட்டாலும் சோதனை மேஜை விடாது. அங்கே உட்கார்ந்து, சீக்காளியின் நாடியைப் பிடிப்பதுபோல், ஒவ்வொரு லயனாகப் பார்ப்போம். மேஜை எதையும் திருத்தாது. பார்க்கும், சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. இந்தப் போனுக்கு அப்படி ஒரு மேஜையைச் செய்வது என்று முடிவு செய்தேன்.

விஷயம் சிக்கலில்லை. போன் விழிக்கும்போது முதலில் ஒரு சின்ன நிரல் எழுகிறது. திரை, பொத்தான், சேமிப்பு எல்லாவற்றையும் எழுப்பிவிட்டு, பெரிய நிரலிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. எங்கள் போனில் பெரிய நிரல் பாதி பழசு, பாதி புதுசாகக் கிடந்தது. அதனிடம் பொறுப்பு போனதும் எல்லாம் நின்றது. ஆகவே யாரிடமும் பொறுப்பைக் கொடுக்காத ஒரு சின்ன நிரல் வேண்டும். அது போனின் சேமிப்பில் இடம் பிடிக்கக்கூடாது. கம்ப்யூட்டரிலிருந்து கேபிள் வழியே நேராகப் போனின் நினைவகத்தில் வந்து உட்கார வேண்டும், அணைத்தால் சுவடில்லாமல் போக வேண்டும். திரையில் மூன்றே வரி: ஒன்று, சேமிப்பைக் கம்ப்யூட்டருக்குக் காட்டு, படிக்க மட்டும். இரண்டு, பழுது பார். மூன்று, அணை. ஒலிப் பொத்தானால் மேலும் கீழும் நகர வேண்டும், பவர் பொத்தானால் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சொல்வதற்கு ஆறு வாக்கியம். செய்யப்போனால் முதல் ஒன்பது முயற்சி தோற்றது. முதலாவது, அளவு பெரிதென்று போன் வாங்கவே மறுத்தது. நான்கு முறை திரை இருட்டு. இரண்டு முறை திரை வந்து பொத்தான் வேலை செய்யவில்லை. மீதி இரண்டும் ஏன் தோற்றன என்று இன்றுவரை தெரியாது. தெரியாமல் விட்டது எனக்கு இன்னும் அரிக்கிறது. பத்தாவதில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் மூன்று வரியும் வந்தன. பொத்தானும் நகர்ந்தது.

ஆனால் கம்ப்யூட்டரில் சேமிப்பு தெரியவில்லை.

என்னிடம் இரண்டு கம்ப்யூட்டர். மடிக்கணினியில்தான் நிரலைச் செய்து போனுக்கு அனுப்பினேன். அதில் முழு நகலுக்கு இடமில்லை. ஆகவே, நிரல் போனில் உட்கார்ந்ததும், போனைக் கழற்றிக்கொண்டு அடுத்த அறையிலிருந்த பெரிய கம்ப்யூட்டருக்குப் போவேன். அதற்கென்று புதிதாக இரண்டு மீட்டர் கேபிள் வாங்கியிருந்தேன். மடிக்கணினியில் இருந்த பழைய கேபிளைத் தொடவில்லை. வேலை செய்கிற வயரைத் தொடாதே என்பது எங்கள் நிலையத்தில் முதல் நாளே சொல்லித்தருவது. போனைப் புதுக் கேபிளில் செருகினால் சார்ஜ் ஏறுகிறது. ஆகவே கேபிள் சரி. ஆகவே தப்பு என் நிரலில். இப்படித் தீர்மானித்து மூன்று நாள், வரி வரியாக, எழுதினதையெல்லாம் சந்தேகப்பட்டேன். இருநூற்றுப் பதினேழு வரி. ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. சரியாக இருப்பதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு நண்பன் மொபெட்டில் வந்தான். இடுப்பில் சிலேட்டு, சட்டைப் பையில் பலப்பம். போன் செத்ததிலிருந்து அதுதான் அவன் வாய். அவன் மனைவியும் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தாள்.

“அண்ணே, முடியலைன்னா விட்ருங்க,” என்றாள். “அங்கிட்டு அவரு பாட்டுக்குச் சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. நான் ஒரு பத்துத் தடவ வேணும்னே சோத்தக் கொழைய வச்சுப் பாத்துட்டேன். திட்ட ஒரு வார்த்தை வரலை. சிலேட்டுல எழுதிக் காட்டுறாரு. எழுதிக் காட்டுறதெல்லாம் ஒரு திட்டா?”

அவன் சிலேட்டில் எழுதிக் காட்டினான்: ‘சோறா அது.’

“பாத்தீங்களா? இதுல என்னண்ணே காரம் இருக்கு?” என்றாள்.

நான் அவளிடம் நிரலைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் கேட்கவில்லை. மேஜையைச் சுற்றி வந்தான், புதுக் கேபிளைத் தூக்கினான், விரல்களுக்கிடையில் உருட்டினான். லயன்மேன் விரல். பிறகு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேபிளை இரண்டு பக்கமும் பிடுங்கி, நடுவில் கடித்தான். கம்பத்தில் நிற்கிறவனுக்கு இரண்டு கையும் வேலையாக இருக்கும், வயரைப் பல்லால்தான் சீவுவார்கள்.

“யோவ்! என்னய்யா பண்றே?” என்று கத்தினேன்.

உறையைத் துப்பிவிட்டு நுனியை என் கண்ணுக்கு நேரே நீட்டினான். ஒரு சிவப்பு. ஒரு கறுப்பு. வேறு ஒன்றும் இல்லை. நான்கு வயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. கரண்ட் மட்டும் போகும், செய்தி போகாது.

சிலேட்டில் எழுதினான்: ‘எதுலயும் மொதல்ல வயரப் பாருன்னு யாருய்யா சொன்னது?’

சொன்னது நான். முப்பத்து நான்கு ஆண்டு, உள்ளே உட்கார்ந்துகொண்டு, கம்பத்தில் நிற்கிறவனிடம் அதைத்தான் சொன்னேன்.

சார்ஜ் கேபிள், டேட்டா கேபிள் என்று இரண்டு ரகம் செய்து, இரண்டுக்கும் ஒரே முனை, ஒரே நிறம், ஒரே அட்டைப்பெட்டி போடுகிறவர்களை என்ன செய்தால் தகும்? இரண்டு செம்பு இழையை மிச்சம் பிடித்தார்கள். அவர்கள் பிடித்த மிச்சத்தில் என் ஆயுளில் மூன்று நாள் போயிற்று. அவனுக்குக் காதுகுத்துக்கு ஆறே நாள் மிஞ்சியது.

மடிக்கணினியின் பழைய கேபிளைக் கழற்றிவந்து செருகினோம். முதல் வரியைத் தேர்ந்தெடுத்தேன். பெரிய கம்ப்யூட்டரில் சேமிப்பு வந்து நின்றது. என் சோதனை மேஜை முதல் நாளிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

அந்த ஒற்றை வரிக்காரர் சொன்னபடி எதையும் தொடாமல் முழு நகல் எடுத்தேன். பழுது பார்த்ததும் நகலில்தான். அரைகுறையாக அணைந்ததில் சேமிப்பிலும் கீறல் விழுந்திருந்தது. ஒரு அடைவில் முந்நூற்று அறுபத்திரண்டு குரல் தேறியது. அதில் இல்லாதவற்றில் பத்தொன்பது மற்ற அடைவில் கிடைத்தது. மொத்தம் முந்நூற்று எண்பத்தொன்று. நோட்டோடு ஒப்பிட்டேன். இல்லாதவை ஐந்து. நாற்பத்தொன்று, ‘பேப்பர் வந்துருச்சா?’ நூற்றுப் பதினேழு, ‘இங்கிட்டு வா’. நூற்று அறுபது, ‘மழ வரும்போலருக்கு’. இருநூற்றுத் தொண்ணூறு, அவன் மனைவியைத் திட்டிய பதினொன்றில் ஒன்று. ஐந்தாவது, எழுபத்து மூன்றாம் எண்: ‘வாங்க சம்பந்தி.’

‘வாங்க’ இருபத்து மூன்றில் இருபத்திரண்டு பத்திரம். தவறியது அந்த ஒன்று. ஏழாவது வண்டியில் திரும்பிப் போன அந்த ஆவுடையார்கோவில் பக்கத்துச் சம்பந்திக்கு உரியது.

‘வாங்க மாமா’விலிருந்து ‘வாங்க’வை வெட்டி, ‘சம்பந்தி வீட்டுல சொல்லியாச்சா’ என்ற வாக்கியத்திலிருந்து ‘சம்பந்தி’யை வெட்டி, ஒட்டினேன். அரை நாள் வேலை. போனையும் திரும்பப் பேசவைத்து, காதுகுத்துக்கு இரண்டு நாள் முன்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் மனைவி முதலில் அழுத்தியது திட்டுகளைத்தான். பத்தையும் கேட்டுவிட்டு, “ஒண்ணு கொறையுதேண்ணே,” என்றாள். நான் சொல்லாமலே.

நண்பன் ஒட்டினதைக் கேட்டான். ‘வாங்க’ உற்சாகமாகவும் ‘சம்பந்தி’ சலிப்பாகவும் இருந்தது. சிலேட்டை எடுத்தான். ‘இதுக்கு ரம்மியே தேவல.’

காதுகுத்தன்று மண்டப வாசலில் அவன் போனைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். வருகிறவர்களைப் பார்ப்பதும் பொத்தானை அழுத்துவதும், ‘வாங்க மச்சான்’, ‘வா ஆத்தா’ என்று அவன் குரல் நெஞ்சிலிருந்து வருவதும், வந்தவர்கள் ஒரு வினாடி திகைத்து, பிறகு சிரித்துக்கொண்டு உள்ளே போவதுமாக இருந்தது. கிழவி ஒருத்தி அவன் வாயையே பார்த்துவிட்டு, “சினிமாவுல பாடுற மாதிரில்ல இருக்கு,” என்றாள். நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். நூற்று நாற்பத்து நான்கு முறை கேட்டான். ஒரு முறைகூடப் போன் தவறவில்லை.

பத்தரை மணிக்குச் சம்பந்தி வீட்டு வேன் வந்தது. தாய்மாமன் சீர். தட்டுகள் முப்பத்தொன்று. மேளம் நின்றது. சம்பந்தி கடைசியாக இறங்கி, துண்டைச் சரிசெய்துகொண்டு, படிக்குக் கீழே நின்றார். ஏறவில்லை.

நண்பனுடைய விரல் பொத்தானுக்குப் போனது. நான் ஒட்டிய எழுபத்து மூன்று. அழுத்தவில்லை. கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, ஐந்து படியும் இறங்கினான். கையைக் குவித்தான். வாயைத் திறந்து, நிதானமாக, உதட்டால் ‘வாங்க சம்பந்தி’ என்றான். காற்றுகூட வரவில்லை. தொண்டைத் துளையில் கட்டியிருந்த துணி மட்டும் இரண்டு முறை அசைந்தது.

அவன் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

சம்பந்தி அவன் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான்கு வரை எண்ணினேன். அதற்குமேல் எண்ண மறந்தேன்.

“கேட்டுச்சு சம்பந்தி,” என்றார். “கேட்டுச்சு, கேட்டுச்சு. வாரேன், நீங்க ஏறுங்க மொதல்ல.” அவன் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார். சாப்பிடும்போது, தனக்கு இரண்டாம் தடவை பாயசம் யாரும் கேட்கவில்லை என்று குறைபட்டார். அது வேறு.

பந்தி முடிந்ததும் நண்பனைப் பிடித்தேன். “சத்தமில்லாமலே கேக்குதுன்னா, நான் எதுக்குய்யா பதினைஞ்சு நாள் கண்ணைக் கெடுத்துக்கிட்டேன்?” என்றேன். நிஜமாகவே கோபம். அவன் போனை என் கையிலிருந்து வாங்கி, தேடி, ஒன்றை அழுத்தினான். தொண்ணூற்றேழாம் எண்.

“சும்மா இருய்யா, கணக்கப்புள்ள,” என்றது அவன் குரல்.

இப்போது குரல்கள் மூன்று வீட்டில் இருக்கின்றன: அவன் வீட்டில், என் வீட்டில், குவைத்தில் அவன் மகனுடைய அறையில். மூன்று வீடு, மூன்று பூட்டு. சோதனை மேஜை நிரலையும், அதைப் போனில் ஏற்றும் முறையையும் தமிழில் எழுதி யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்துவிட்டேன். இரண்டாம் வரியில், தடித்த எழுத்தில், கேபிளில் எத்தனை வயர் என்று பார் என்று போட்டிருக்கிறேன். இதுவரை ஒன்பது பேர் எடுத்திருக்கிறார்கள்.

ஆனால் ஐந்து ஐந்துதான். அந்தப் படியில் நடந்ததை வைத்து அதை நான்கு என்று எழுத என்னால் முடியாது. ‘மழ வரும்போலருக்கு’ என்று அவன் குரலில் இனி யாரும் கேட்கப்போவதில்லை. நேற்று மேற்கே இருட்டிக்கொண்டு வந்தபோது வாசலில் நின்று வானத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். “என்னய்யா?” என்றேன். சிலேட்டைத் தேடினான். அதற்குள் மழை வந்துவிட்டது.